பரணிலிருந்து இறங்கிய டிரங்குப் பெட்டி: சென்னையில் பழைய பொம்மை சேகரிக்க நினைப்பவருக்கு

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நங்கநல்லூரில் அம்மா வீட்டுப் பரணை ஒழிக்கப் போனபோது ஒரு டிரங்குப் பெட்டி அகப்பட்டதாம். உள்ளே சின்னச் சின்ன உலோகக் கார்கள், இடுப்போடு கழன்று கிடக்கும் இரண்டு ராணுவ வீரர் பொம்மைகள், ஒரு வியூ மாஸ்டர் (வட்டைச் செருகிக் கண்ணில் வைத்துப் படம் பார்க்கும் கருவி), பாட்டி காலத்துக் கொலு பொம்மைகள் கொஞ்சம், ஒரு மரப்பாச்சி ஜோடி. அன்றிலிருந்து பழைய பொம்மை சேகரிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது என்கிறார். மாதம் 2000 ரூபாய் ஒதுக்க முடியும். எதில் தொடங்குவது, சென்னையில் எங்கே தேடுவது, ஏமாறாமல் வாங்குவது எப்படி, இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது, இதை முதலீடு என்று நினைக்கலாமா, நான்கு வயது மகளை அவற்றோடு விளையாட விடலாமா என்பவை அவர் கேள்விகள்.

முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கும் எதையும் கழுவாதீர்கள். பழைய மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் வர்ணம் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்துப் பூசியதுதான். ஈரத்துணி பட்டால் பொம்மையின் கண்ணும் புருவமும் துணியோடு வந்துவிடும். ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையை வாங்கி, உலர்ந்தபடியே தூசியைத் தட்டுங்கள், போதும். நவராத்திரி நெருங்கினால் பழைய பொம்மைக்குப் புது வர்ணம் அடிப்பது பல வீடுகளில் வழக்கம். கொலுப்படிக்கு அது சரி. சேகரிப்பவருக்கு அது பொம்மையின் வயதையே அழித்துவிடுகிற காரியம். கார்களுக்கும் அதே சட்டம்தான். பெயின்ட் உதிர்ந்திருந்தால் உதிர்ந்தபடியே இருக்கட்டும்.

இரண்டாவது, பெட்டிக்குள் அந்துருண்டை கிடந்தால் எடுத்து வெளியே எறியுங்கள். நம் அம்மாக்கள் பட்டுப் புடவைக்குப் போடுகிற மாதிரியே பொம்மைப் பெட்டிக்கும் போட்டு வைப்பார்கள். அந்துருண்டையிலிருந்து வரும் நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும். கார்களின் கண்ணாடி, பொம்மைகளின் உறுதியான பாகங்கள் பல அந்தப் பிளாஸ்டிக்கில் செய்தவைதான். பூச்சியிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததுதான் பொம்மையைக் கெடுக்கிறது.

சரி, எதில் தொடங்குவது? என் கருத்து தெளிவானது: இந்தியாவில் செய்த பொம்மைகளில் தொடங்குங்கள். பெட்டியோடு கூடிய இங்கிலாந்து டிங்கி காரையோ, 1968-ல் வந்த முதல் வரிசை அமெரிக்க ஹாட் வீல்ஸ் காரையோ துரத்தினால், லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு போட்டி போடுகிறீர்கள். அவர்கள் கையில் காசும் அதிகம், பொருளும் பக்கத்திலேயே கிடைக்கிறது. நீங்கள் வாங்கினாலும் சுங்கமும் கூரியர்க் கட்டணமும் சேர்ந்து பொம்மையின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கோவாவிலும் செய்த பொம்மைகள் மாம்பலத்துப் பரணிலும் பெரம்பூர் காயலான் கடையிலும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அந்த இடைவெளிதான் 2000 ரூபாய்க்காரருக்குக் கிடைக்கும் ஒரே சாதகம்.

இந்தியப் பொம்மைகள் எப்படி உருவாயின என்பது சுவாரசியமான கதை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மையைச் சுலபமாக இறக்குமதி செய்ய முடியாது. எனவே வெளிநாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தி முடித்த அச்சுகளை இங்கே அனுப்பி, இங்கேயே வார்க்க வைத்தார்கள். லிவர்பூலின் டிங்கி நிறுவனம் ஓரம்கட்டிய அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் செய்தார்கள். காரைத் திருப்பி அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். சிலவற்றில் டிங்கி என்ற எழுத்தைச் சுரண்டிய தடம் தெரியும். தேய்ந்த அச்சு, கனமான பெயின்ட், கொஞ்சம் கோணலான சக்கரம் எல்லாம் நிக்கியின் குணம். குறை என்று ஒதுக்காதீர்கள், அடையாளமே அதுதான்.

சென்னைக்காரர்களுக்கு நிக்கியில் தனியாக ஒன்று இருக்கிறது. டிங்கி வரிசையில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்ற சின்ன வேன் ஒன்று உண்டு. அதே அச்சில் நிக்கி வார்த்தது 'ஸ்டாண்டர்டு 20 மினி பஸ்' என்று விற்கப்பட்டது. நிஜ ஸ்டாண்டர்டு 20 வண்டியைச் செய்தது வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். சென்னையில் ஓடிய வண்டிக்குக் கல்கத்தாவில் பொம்மை. என்னைக் கேட்டால், நூறு வெளிநாட்டுக் கார்களுக்கு முன்னால் அலமாரியில் வைக்க வேண்டியது அதுதான். கிடைப்பது கஷ்டம், தேடுவதில் சுகம் இருக்கிறது.

கல்கத்தாவிலிருந்தே 'மேக்ஸ்வெல்', 'மில்டன்' என்ற பெயர்களிலும் கார்கள் வந்தன. இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ், கார்கி பொம்மைக் கார்களைப் பார்த்துச் செய்தவை, அல்லது அவற்றின் சாயலில் செய்தவை. 1970-கள், 80-களில் பிறந்த பலருடைய வீட்டில் ஒன்றாவது இருந்திருக்கும். உங்கள் பெட்டியில் இருப்பவற்றில் பாதி இவையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு காலத்தில் இவற்றை மலிவு நகல் என்று சிரித்தார்கள். இப்போது அவர்களிலேயே சிலர் மேக்ஸ்வெல் பெட்டிகளை மட்டும் தேடி வாங்குகிறார்கள்.

அடுத்து பம்பாய். சூட்கேஸ் செய்த குழுமத்தைச் சேர்ந்த ப்ளோ பிளாஸ்ட் நிறுவனம் 'லியோ' என்ற பெயரில் பொம்மை விற்றது. 1980-களில் அமெரிக்க மாட்டல் நிறுவனத்தோடு கைகோத்து ஹாட் வீல்ஸ், பார்பி, ஹீ-மேன் பொம்மைகளை இங்கேயே செய்தது. லியோ ஹாட் வீல்ஸ் காரை ஒட்டி விற்ற அட்டை அமெரிக்க அட்டையைப் போல இருக்காது. கார்களின் நிறமும் வேறு. அமெரிக்காவில் சிவப்பாக வந்த கார் இங்கே இருக்கிற பெயின்டில் வேறொரு நிறத்தில் வந்திருக்கும். அட்டை கிழியாத லியோ ஹாட் வீல்ஸைப் பார்த்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

உங்கள் ராணுவ வீரர்களுக்கு வருவோம். அவை ஃபன்ஸ்கூல் செய்த ஜி.ஐ. ஜோவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபன்ஸ்கூல் நம் ஊர் நிறுவனம். டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். தொடங்கியது, தலைமை அலுவலகம் சென்னை. 1987-ல் கோவாவில் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அச்சுகளைக் கொண்டுவந்து ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்தார்கள். ஒரே அச்சுதான், ஆனால் பிளாஸ்டிக்கின் நிறம், முகத்தின் வர்ணம், துப்பாக்கியின் நிறம் எல்லாம் இந்தியத் தொழிற்சாலையில் அவ்வப்போது மாறின. ஒரே வீரனுக்கு இரண்டு மூன்று நிற வேறுபாடுகள் உண்டு. தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது என்று கலந்து செய்தவையும் உண்டு. தூர்தர்ஷனில் 'ஸ்ட்ரீட் ஹாக்' தொடர் ஓடிய புகழில் அந்தப் பெயரிலேயே ஒரு வீரனை இங்கே மட்டும் வெளியிட்டார்கள். இப்படிப்பட்டவற்றுக்காக அமெரிக்கர்கள் இந்தியாவில் ஆள் பிடித்து வாங்கிய காலம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

இடுப்போடு கழன்றதற்குக் காரணம் உடைவது இல்லை, ரப்பர். 1982 முதல் வந்த இந்த மூன்றே முக்கால் அங்குல வீரர்களின் உள்ளே ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். மேலுடலையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். முப்பது வருடம் பரணில் கிடந்தால் ரப்பர் காய்ந்து நொறுங்கிவிடும். முதுகில் ஒரே ஒரு ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றி, புது ரப்பர் வளையம் (ஓ-ரிங்) மாட்டினால் ஆள் எழுந்து நிற்பான். ஓ-ரிங்கை அளவு பார்த்து வாங்க வேண்டும். தடிமன் கூடினால் இடுப்பு மடங்காது, குறைந்தால் ஆடும். சேகரிப்பாளர்களுக்கென்றே சரியான அளவில் பொட்டலமாக விற்கிறார்கள். மாட்டிய பிறகு துப்பாக்கியை மட்டும் கையில் திணிக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக்கில் முதலில் போவது கட்டைவிரல்தான். கட்டைவிரல் போன வீரனின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

வியூ மாஸ்டரைப் பற்றி ஒரு வரி. 1939-ல் அமெரிக்காவில் அறிமுகமான கருவி அது. இந்தியாவில் பம்பாயின் படேல் இந்தியா நிறுவனம் செய்து விற்றது. ஒரு வட்டுக்கு 14 படத்துண்டுகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏழு காட்சிகள். வட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடாக்ரோம் என்ற பழைய படச்சுருளில் வந்த படம் நிறம் மாறாமல் நிற்கும். 1970-களின் கடைசியில் படச்சுருள் மாறிய பிறகு வந்த பல வட்டுகள் இப்போது ஒரேயடியாகச் சிவந்து போயிருக்கும். சிவந்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இந்தியக் கோயில்கள், ஊர்கள், புராணக் கதைகள் பற்றிய வட்டுகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இத்தனையும் சேர்க்கலாமா என்றால், கூடாது. ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 'இந்தியாவில் செய்த உலோகக் கார்கள், 2000-ம் ஆண்டு வரை' என்று ஒரு எல்லை. அல்லது அம்பாசடரும் ஃபியட்டும் மட்டும். அல்லது ஃபன்ஸ்கூல் வீரர்கள் மட்டும். எல்லை போட்டவர் ஒரு வருடத்தில் அந்தத் துறையில் பேச ஆரம்பிப்பார். போடாதவர் வீட்டில் மூட்டை சேரும். பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் தீப்பெட்டி லேபிள்கள் இருக்கின்றன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து அச்சாகி வரும் படங்கள். ஒரு லேபிளின் விலை டீக் காசுக்குள் முடியும். ஆல்பம் ஒன்று போதும், அலமாரியே வேண்டாம். மனைவி கோபித்துக்கொள்ளாத சேகரிப்பு அது ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 90-களின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த டிரம்ப் கார்டுகளும் அதே வகைதான், ஆனால் முழுச் சீட்டுக்கட்டாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எங்கே தேடுவது? பழைய ஆட்கள் மூர் மார்க்கெட் என்பார்கள். 1900-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. இடத்தில் இப்போது சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்களில் பலர் பக்கத்திலிருக்கும் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அங்கே இன்றும் பழைய புத்தகங்களுக்கு நடுவில் எப்போதாவது ஒரு நல்ல பொம்மை கிடைக்கும், பொம்மைக்கென்றே போனால் ஏமாற்றம்தான். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பொம்மைக்கு வாசல். 70-களிலும் 80-களிலும் சென்னைப் பிள்ளைகள் கையில் இருந்த ஜப்பான் சாவிப் பொம்மைகளில் நிறைய அங்கே வாங்கியவைதான். இப்போது அங்கே போவது வீண்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் இப்போதைக்கு உருப்படியான இடம். செடி, கோழி, பழைய துணி, உடைந்த மின்விசிறி என்று எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும். வெயில் ஏறினால் வியாபாரிகளே ஒருவரிடமிருந்து ஒருவர் நல்லதை வாங்கி ஒதுக்கிவிடுவார்கள். பேரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வேண்டிய காரை முதலில் தொடாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் பித்தளைக் கிண்ணத்துக்கு விலை கேளுங்கள், அப்புறம் 'இந்த வண்டி எவ்வளவுண்ணா?' என்று போகிற போக்கில் கேளுங்கள். செல்போனில் படம் எடுத்து இணையத்தில் தேடுவதை அவர் பார்த்துவிட்டால் விலை மூன்று மடங்கு. ஆனால் அடுத்த வாரமும் அதே ஆளிடம் போக வேண்டியிருக்கும், அதனால் அடிமாட்டு விலைக்கு அடிக்காதீர்கள். நியாயமாகக் கொடுத்தால் 'சாருக்கு வண்டி வேணும்' என்று எடுத்து வைப்பார்.

சந்தையை விட நல்ல இடம் போகி. மார்கழிக் கடைசி வாரத்தில் சென்னையில் வீடு வீடாகப் பரண் காலியாகும். எரிப்பது குறைந்துவிட்டது, ஆனால் தெருமுனைக் காயலான் கடையில் சாமான் குவியும். உங்கள் பகுதியில் இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, போன் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். பொம்மை எடைக்குப் போகிற பொருள். எடைக் காசை விடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே அவருக்குச் சந்தோஷம். இதைவிடவும் நல்ல வழி, இடிக்கப் போகும் பழைய வீடுகள். மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர்ப் பக்கம் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, சாவியைக் கொடுப்பதற்கு முந்தைய வாரம் குடும்பத்தார் எல்லாவற்றையும் தெருவில் வைப்பார்கள். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லாரிடமும் 'பழைய பொம்மை இருந்தால் தூக்கிப் போடாதீங்க' என்று சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டால் இந்தப் பொழுதுபோக்கு ஓடாது. ஆனால் ஒன்று: பொருளின் மதிப்பு தெரியாத வயதானவரிடம் பத்து ரூபாய்க்குப் பறித்து வந்து பெருமை பேசுகிறவர்களும் இந்த வட்டத்தில் உண்டு. அது எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல பொருள் என்று தெரிந்தால் அவரிடமே சொல்லி, ஒரு நியாய விலை பேசுங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் வீடியோ அழைப்பில் பொம்மையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், முக்கியமாக அடித்தகட்டை. போலியும் பொய்யும் அங்கேதான் மாட்டும். ஹாட் வீல்ஸ் காரின் அடியில் பொறித்திருக்கும் ஆண்டு அந்தக் கார் செய்த ஆண்டு இல்லை. அந்த வடிவமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. 1982 என்று பொறித்த கார் 2005-லும் வார்த்திருக்கலாம். 'நாற்பது வருஷப் பழசு' என்று விற்கிறவர்களில் பாதிப்பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள், மீதிப்பேர் நம்புகிற மாதிரி நடிக்கிறார்கள். எந்த நாட்டில் செய்தது, சக்கரத்தின் வகை என்ன, அடித்தகடு உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்த்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும்.

புதுப் பெயின்ட் அடித்த கார்களைக் கண்டுபிடிக்க, அடித்தகட்டையும் உடலையும் இணைக்கும் ரிவெட்டைப் பாருங்கள். தொழிற்சாலை ரிவெட் குடைபோல விரிந்து வழவழப்பாக இருக்கும். துளைபோட்டுப் பிரித்து மறுபடி ஒட்டியதில் ஓட்டையோ பசையோ ஸ்குருவோ தெரியும். ரிவெட் பிரிந்திருந்தால் உள்ளே ஏதோ வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டிகளுக்கு வேறு சோதனை. ரிச்சி தெருவில் ஒரு சின்ன புற ஊதா டார்ச் வாங்குங்கள். 1950-க்கு முன் செய்த காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கிடையாது, அதனால் அது ஒளிராது. 'போருக்கு முந்தைய பெட்டி' என்று ஒருவர் சொல்லி, டார்ச் பட்டதும் அது நீலமாகப் பளீரென்று மின்னினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அதற்குப் பிந்தைய காலத்துப் பெட்டிகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அங்கே பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ்தான் வழி. பழைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகலில் மை சிதறின மாதிரித் தெரியும்.

மரப்பாச்சிக்கும் போலி உண்டு. அசல் மரப்பாச்சி செம்மரம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். வேறு மரத்தில் செதுக்கிச் சாயம் ஏற்றியது லேசாக இருக்கும். பொம்மையின் அடிப்பாகத்தில் ஈரமான வெள்ளைத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தண்ணீரிலேயே சிவப்பு தாராளமாக ஒட்டினால் சாயம் என்று சந்தேகப்படலாம். செம்மரத்தின் நிறம் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. பொம்மை தவிர மற்றவற்றில் எச்சரிக்கை ஒன்று மட்டும்: பித்தளைக் குழலோடு பளபளக்கும் கிராமபோன்களில் பெரும்பாலானவை சமீபத்தில் உதிரிப் பாகங்களைச் சேர்த்து ஒட்டியவை. எச்.எம்.வி. நாய் படம் ஒட்டியிருப்பதால் பழசாகிவிடாது.

பாதுகாப்பு விஷயத்தில் சென்னை கொடுமையான ஊர். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்று தகரப் பொம்மையை இரண்டே மழைக்காலத்தில் தின்றுவிடும். தகரத்தில் அச்சிட்ட படம் மெல்லிய ஏடு, அதற்குக் கீழே துரு புகுந்தால் மொத்தமாக உரியும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பத்து ரூபாய் சாக்பீஸ் கட்டி கூட ஒன்றுமில்லாததற்குக் கொஞ்சம் உதவும். ஏ.சி.யை இரவில் போட்டுப் பகலில் அணைக்கும் அறையில் பொம்மை வைக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் பகலின் ஈரக்காற்று படிந்து வியர்க்கும். ஒரே சீரான அறைதான் நல்லது, அது கொஞ்சம் சூடாக இருந்தாலும் பரவாயில்லை.

வெயில் நேரே படக்கூடாது. பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகும், அட்டையின் சிவப்பு முதலில் வெளுக்கும். ரப்பர் டயர் போட்ட கார்களைப் பிளாஸ்டிக் தளத்தின் மேல் வருடக்கணக்கில் நிறுத்தாதீர்கள். டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிக்கொள்ளும். கீழே ஒரு வெள்ளைக் காகிதம் வையுங்கள். பேட்டரி பொம்மைகளில் பேட்டரியை உடனே கழற்றுங்கள். ஏற்கெனவே கசிந்திருந்தால், அல்கலைன் பேட்டரி என்றால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். பழைய சாதாரணச் செல் என்றால் வினிகர் வேண்டாம், சமையல் சோடா கலந்த நீர்.

போருக்கு முந்தைய வெளிநாட்டு உலோகக் கார்கள் கையில் வந்தால் உடலில் மெல்லிய விரிசல்களைத் தேடுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, ஒருநாள் தானாக நொறுங்கும். ஈரம் அதை வேகப்படுத்தும். மருந்தே கிடையாது, எனவே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பாட்டியின் பொம்மைகளில் மெல்லிய ஓடு போல, லேசாக, தட்டினால் கலகலவென்று சத்தம் வருவது ஏதாவது இருக்கிறதா? கொஞ்சம் சூடம் வாசனை வருகிறதா? அப்படியானால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது அது. தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். கொலுப்படியில் விளக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இறுக்கமான பெட்டியில் அடைத்தாலும் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். தனியாக, காற்றோட்டமாக, விளக்கில்லாத இடத்தில் வையுங்கள்.

கரையானையும் ராமபாணப் பூச்சியையும் மறக்காதீர்கள். அவற்றுக்குப் பொம்மையை விடப் பெட்டிமேல்தான் ஆசை, விலையில் பாதியோ பெட்டியில்தான் இருக்கிறது. அட்டைப் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். தரைத்தளத்தில் குடியிருந்தால் இடுப்பு உயரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதலீடா என்றால், இல்லை. விற்கும்போதுதான் விலை தெரியும், விற்பதற்கு நேரம் பிடிக்கும், வாங்குகிறவர்கள் ஒரு சிறு வட்டம். கடையில் வரும் புது ஹாட் வீல்ஸைக் கட்டுக்கட்டாக அள்ளி வைத்து 'பின்னால் விலை ஏறும்' என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் அதே மாதிரி பத்திரப்படுத்தும் பொருள் அரிதாகாது. பழைய பொம்மை அரிதானதே பிள்ளைகள் விளையாடி உடைத்ததால்தான். இன்னொரு பேச்சு: எது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள, கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏல இணையதளங்களில் முடிந்த விற்பனையை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருட்கள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. யானைத் தந்தத்தில் செய்த சொக்கட்டான் காயோ பொம்மையோ யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம், அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். மரப்பாச்சியை வெளிநாட்டு நண்பருக்குக் கூரியரில் அனுப்பும் யோசனையும் வேண்டாம். செம்மரம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

நாணயம், தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இங்கே பழைய சங்கங்கள் உண்டு. மெட்ராஸ் காயின் சொசைட்டி, தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்போர் சங்கம் போன்றவை. பொம்மைக்காரர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் கூடுகிறார்கள். ஆனால் நாணயக் கண்காட்சிகளுக்கும் போய்ப் பாருங்கள். வியாபாரிகளின் மேசை ஓரத்தில் சில சமயம் பொம்மையும் லேபிள்களும் இருக்கும், விலையும் கொஞ்சம் இளகியிருக்கும், ஏனென்றால் அது அவர்கள் துறை இல்லை.

கடைசியாக உங்கள் மகள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் எதையும் அவள் கையில் கொடுக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், நான்கு வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். இந்தியாவில் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயமானதே 2021 ஜனவரி முதல்தான். அதற்கு முந்தையவற்றில் என்ன பூசினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விளையாட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதுப் பொம்மையோ கர்நாடகத்துச் சென்னபட்டணா மர வண்டியோ வாங்கிக் கொடுங்கள். அது வெட்பாலை மரத்தில் அரக்கு ஏற்றிக் கடைந்தது, கீழே போட்டாலும் உடையாது. வியூ மாஸ்டரை மட்டும் நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு காட்டலாம், நெம்புகோலை அவள் அழுத்தட்டும்.